தந்தியின் நோட்டில் இருந்த இருபத்துநான்கு சொற்கள்

என் அக்கா ஐம்பத்தெட்டாவது வயதில் சிறுவர்களுக்காக ஒரு மர்ம நாவல் எழுதினாள். ஸ்பெல்லிங் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள், போட்டிக்கு முன்பே வெளியே கசிந்துவிட்ட ஒரு சொல்பட்டியல், அதை எடுத்தது யார் என்று துப்புத் துலக்கும் மூன்று நண்பர்கள். அவள் கையால் எழுதியதைக் கணினியில் அடித்தவள் நான். திருடி யார் என்று முதல் பக்கத்தை அடிக்கும்போதே எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்தே தெரியும். அக்கா அதை எழுதுவாளா, மாட்டாளா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிப்பகத்தில் முப்பத்தோரு வருடமாக புரூஃப் பார்க்கிறாள். பெரும்பாலும் பள்ளிப் புத்தகங்கள், குழந்தைகள் கதைகள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. வரிக்குக் கீழே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பாள். பிறகு கடைசி வரியில் தொடங்கிக் கீழிருந்து மேலே படிப்பாள். நேராகப் படித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுமாம், பிழை கண்ணில் படாதாம். வீட்டில் மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், சோப்பு உறை எதையும் அவள் விடமாட்டாள். என் கடைப் பலகையில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்று ஆறு மாதம் என் உயிரை எடுத்தாள். கடைசியில் பெயிண்டரைக் கூப்பிட்டு மாற்றினேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், லேமினேஷன், படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் உண்டு. கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நானும் என் கணவரும், இன்னொன்றில் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், புரூஃப் பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். உண்மையில் அவள் யாரையும் தன் பக்கத்தில் அதிக நேரம் உட்கார விட்டதில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஒரே ஒரு தோழி. அந்தப் பெண்ணுக்குத் தந்தி என்று பெயர் வைத்தது வகுப்பு முழுவதும் சேர்ந்து. எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் டக் டக் டக்கென்று எழுத்துகளை அடித்துவிடுவாள், அதனால். அவளுடைய அப்பா லாரி ஓட்டப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை பார்த்தாள். தினமும் பள்ளி விட்டதும் தந்தி நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். இருவரும் ஜன்னலோரம் தரையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி சொல்லை உரக்கப் படிக்க வேண்டும்; மற்றவள் எழுத்து எழுத்தாகச் சொல்லித் தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவள் படிக்க, இவள் எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்து படிப்பது அவர்கள் இருவருக்கும் வராது. காதில் விழுந்தால்தான் மனதில் நிற்கும்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பட்டியலின் வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. தப்பான சொல்லை எண் சொல்லித்தான் குறிப்பார்கள். ஏழு தப்பு, பதினொன்று தப்பு என்று. வரிசை மாறினால் கணக்கே குழம்பிவிடும். நடுவில் நான் போய் உட்கார்ந்தால், "நீ உப்புக்குச் சப்பாணி, சும்மா இரு" என்பார்கள். சும்மா இருந்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

அந்த வருடம் நகரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் போட்டி எங்கள் பள்ளியில் நடந்தது. ஜெயிக்கும் ஒரே ஒரு பிள்ளைக்கு, விடுதியோடு கூடிய பெரிய பள்ளியில் படிப்பு முடியும்வரை இலவச இடம். எங்கள் வீட்டுக்கு அது கௌரவம். தந்தியின் வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி. அது இல்லாவிட்டால் அடுத்த வருடமே அம்மாவோடு துணி துவைக்கப் போக வேண்டும் என்று அவளே எங்களிடம் சொல்லியிருக்கிறாள், அழாமல், நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அக்காவை வகுப்பாசிரியை அலுவலக அறைக்குச் சாக்பீஸ் வாங்க அனுப்பினார். டைப்பிஸ்ட் இருக்கையில் இல்லை. குப்பைக்கூடையில் ஒரு கார்பன் தாள் கிடந்தது. முதல் சுற்றின் பட்டியலை நடுவர்களுக்கு மூன்று பிரதி எடுத்துவிட்டு அவர் எறிந்த தாள். புதுக் கார்பன், ஒரே ஒரு முறை அடித்தது. வெளிச்சத்தில் பிடித்தால் எல்லா எழுத்தும் தெரியும். அக்கா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் அதை ஜன்னலில் பிடித்துப் படித்ததை நான் பார்த்தேன். அவள் விரலெல்லாம் கறுப்பு. அது என்னவென்று கேட்டேன். படம் வரைகிற தாள் என்றாள். பிறகு தந்தி வந்தாள். அக்கா தாளை அகராதிக்குள் வைத்து மறைத்துக்கொண்டு, "எங்க மாமா ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கார், ரொம்பக் கஷ்டமான லிஸ்ட்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு பறவை, ஒரு பழைய காலத்துக் கப்பல், ஒரு நோய், ஒரு இசைக்கருவி என்று இருபத்துநான்கு சொற்கள். தந்தி எழுதிக்கொண்டாள். வரிசை மாறாமல். எங்களுக்கு அப்படிப் பட்டியல் அனுப்புகிற மாமா யாரும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் தந்தி தன் நோட்டைப் பார்த்துப் படிக்க, அக்கா எழுத்துக் கூட்டினாள். அவள் அதைத் தன் நோட்டில் எழுதவில்லை. கை வலிக்கிறது என்று சொன்னாள். கார்பன் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள்.

போட்டி நாளன்று மண்டபத்தில் இருநூறு பேர். மேடையில் இருபத்துநான்கு நாற்காலி, இருபத்துநான்கு பிள்ளைகள். முதல் நாற்காலிக்கு முதல் சொல், இரண்டாவதுக்கு இரண்டாவது. பறவை வந்தது. கப்பல் வந்தது. நோய் வந்தது. ஒன்பதாவது நாற்காலியில் இருந்த தந்தி, கடைசி நிமிடம் வரை படிக்க மடியில் வைத்திருந்த நோட்டைத் திறந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் அல்ல, ஆச்சரியம். விரலை வைத்துப் பார்த்தாள். இசைக்கருவி வந்தது. விரல் ஒரு வரி கீழே இறங்கியது. இன்னொரு சொல், இன்னொரு வரி. மேடையோரம் நின்ற வேறு பள்ளி ஆசிரியை ஒருத்தர் அந்த விரலைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கிப் போட்டியை நிறுத்தினார்.

நோட்டு நடுவர் கைக்குப் போயிற்று. இருபத்துநான்கும் இருந்தன, அதே வரிசையில், தந்தியின் கையெழுத்தில். யார் கொடுத்தது என்று மைக்குக்கு முன்னாலேயே கேட்டார்கள். தந்தி திரும்பிப் பதிமூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள். அங்கே அக்கா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். பிறகு தந்தி, "நானேதான் எழுதினேன்" என்றாள். அவளைக் கீழே இறக்கினார்கள். நான்காவது வரிசையில் இருந்த அவள் அம்மா எழுந்து போய், எல்லோர் முன்னாலும் அவளை அடித்தாள். நான் என் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். என்னடி என்று அம்மா குனிந்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு அப்போது எட்டு வயது என்பது ஒரு சாக்கு. ஒன்பது வயதிலும் சொல்லவில்லை. நாற்பது வயதிலும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து வேறு பட்டியலோடு போட்டியை மறுபடி நடத்தினார்கள். தந்தியை விடவில்லை. அக்கா ஜெயித்தாள். அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் அவள் முன்பு பார்த்ததில்லை, நேர்மையாகத்தான் ஜெயித்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. திருடாமலே ஜெயித்திருக்கக்கூடியவள். பெரிய பள்ளிக்குப் போனாள், ஆறு வருடம் விடுதியில் படித்தாள், அங்கிருந்து கல்லூரி, அங்கிருந்து பதிப்பகம். தந்தி அடுத்த வருடம் பள்ளியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஊரில் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே நான்கு தெருதான்.

நான்கே தெரு என்றாலும் நாற்பத்தாறு வருடம் அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. கடைத்தெருவில் தந்தியைத் தூரத்தில் பார்த்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவாள். ஒருமுறை அப்படிப் போய் ஒரு இரும்புக் கடையில் அரை மணி நேரம் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிலோ ஆணி வாங்கி வந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவளுக்கு ஆணி வாங்குகிற அளவுக்குக் குறுகுறுத்தது. தந்தி என் கடைக்கு வருவதுண்டு. மகளின் சான்றிதழை நகல் எடுக்க, ஓய்வூதியப் படிவம் நிரப்ப. நான் தலையைக் குனிந்துகொண்டே வேலையை முடித்துக் கொடுப்பேன்.

போன வருடம் அலுவலகத்தில் ஒரு குழந்தைகள் கதைக்குப் புரூஃப் பார்த்துவிட்டு வந்த அக்கா, இதைவிட நானே நன்றாக எழுதுவேன் என்றாள். எழுது என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மறுநாளே தடித்த நோட்டு ஒன்றை வாங்கி வந்தாள். எதைப் பற்றி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முதல் அத்தியாயத்தை அடிக்க உட்கார்ந்தபோதுதான் எதைப் பற்றி என்று தெரிந்தது.

நாவல் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். துப்புத் துலக்கும் மூன்று பிள்ளைகளும் கண்முன்னே நின்றார்கள். முன்பல் உடைந்த ஒரு பையன், எப்போதும் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் ஒரு பெண், எதைக் கேட்டாலும் "நிரூபி" என்று சொல்லும் இன்னொரு பெண். காவலாளியை விசாரிக்கிறார்கள், குப்பைக்கூடையைக் கவிழ்க்கிறார்கள், டைப்பிஸ்ட் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு தும்முகிறார்கள். நான் அடிக்கும்போதே பலமுறை சிரித்துவிட்டேன். அவர்கள் கண்டுபிடிக்கும் துப்புதான் என்னைச் சிரிப்பை நிறுத்த வைத்தது. பழி சுமந்த பெண் மேடையில் நோட்டைத் திறந்தாள் அல்லவா? "நிரூபி" பெண் கேட்கிறாள்: திருடியிருந்தால் எல்லோர் முன்னாலும் நோட்டைத் திறப்பாளா? திருடியவள் அசையாமல்தானே உட்கார்ந்திருப்பாள்?

அந்தக் கேள்வியை எழுதிவிட்டு அக்கா திருடனாக டைப்பிஸ்ட்டைப் போட்டாள். பதிப்பாளர் சொன்ன யோசனை. அவளைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர், குழந்தைகள் புத்தகத்தில் குழந்தை குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. டைப்பிஸ்ட் வேண்டாம் என்று நான் முகத்தைச் சுளித்ததும், அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு பள்ளிப் பையன் ஒருவனைத் திருடனாக்கினாள். அதுவும் சரியாக வரவில்லை என்று அவளே கிழித்தாள். மூன்றாவது தடவை யாருமே எடுக்கவில்லை, தாள் காற்றில் பறந்து வந்தது என்று எழுதிக்கொண்டு வந்தாள். மின்விசிறி போடாத அறையில் காற்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நானும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டு இருப்பது? கடையில் அப்போது யாரும் இல்லை. தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"யார் எடுத்தாங்கன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"நீ ஜன்னல்ல பிடிச்சுப் படிச்ச அன்னிக்கே."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தர் நகல் எடுக்க வந்தார், எடுத்துக்கொண்டு போனார், அதற்குள் அவள் அழுது முடித்திருந்தாள். ரெண்டு பேரும் கடைசிச் சுற்று வரைக்கும் போகணும்னுதான் படிச்சுக் காட்டினேன் என்று சொன்னாள். ஒரு இடம்தானே இருந்தது என்று நான் கேட்டேன். ஆமாம், அதையும் தெரிந்துதான் செய்தேன் என்றாள். என் அக்காவின் மேல் எனக்கு நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக மரியாதை வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

பிறகு பத்தே நாளில் உள்ளபடி எழுதிவிட்டாள். கதை சொல்கிற பெண்ணே திருடி. மூன்று துப்பறிவாளர்களும் அவள் வீட்டுக்குப் போகிறார்கள், அவள் ஒப்புக்கொள்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. இன்னும் ஒரு அத்தியாயம் எழுதினாள். அதில் திருடி தன் தோழியின் வீட்டுக்குப் போகிறாள். தோழி ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். உன் மேல் இருந்த அன்பால்தான் நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்கிறாள். இருவரும் கைகோத்துக்கொண்டு மறுபடி படிக்க உட்காருகிறார்கள். பதிப்பாளருக்குத் திருடி விஷயம் பிடிக்கவில்லை, ஆனால் இந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் கண் கலங்கி ஒத்துக்கொண்டார்.

அச்சுக்குப் போகும் முன் தந்தி படிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அக்கா மூன்று நாள் தள்ளினாள். பஸ்ஸில் கூட்டம், தலைவலி, எழுத்து சின்னதாக இருக்கிறது. நாலு தெருவுக்கு எதற்கு பஸ் என்று கேட்டு, நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

தந்தி ஓய்வு பெற்றுவிட்டாள். சலவைக்கூடத்தில் கடைசிப் பதினைந்து வருடம் மேற்பார்வையாளராக இருந்தாளாம். ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை, சுவரோரம் மடித்து அடுக்கிய துணி. அந்த அடுக்கில் ஒரு விளிம்புகூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கவில்லை. எங்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. நகர்ந்து வழிவிட்டாள். அக்கா தாள்கட்டை நீட்டி, நான் எழுதியது, படித்துச் சொல் என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் வாங்க என்றாள் தந்தி.

அடுத்த வாரம் போனபோது கட்டு மேசைமேல் இருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் தனியாகப் பக்கத்தில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்க" என்றாள் தந்தி. "அந்தப் பல்லு ஒடஞ்ச பையன் ரொம்பப் பிடிச்சுது." பிறகு தனியாக வைத்த தாள்களைத் தொட்டாள். "இதுல நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்க. என்னை யார் கேட்டா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தந்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்பால வாயைத் திறக்கலன்னும் எழுதியிருக்க. அது பொய். நீ சொல்லுவேன்னுதான் நான் சும்மா இருந்தேன். ஒரு நிமிஷத்துல எழுந்து சொல்லிடுவா, அதுக்குள்ள நான் ஏன் காட்டிக் குடுக்கணும்னு நெனச்சேன். அப்புறம் நாளைக்குச் சொல்லுவான்னு நெனச்சேன். நீ விடுதிக்குப் போற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல தூண் பக்கத்துல நின்னேன், அப்பவாவது சொல்லுவேன்னு. அதுக்கப்புறம் நான் சொன்னா யார் நம்புவா? எங்கம்மாகிட்ட சொன்னேன். திருடினதும் இல்லாம பொய் வேற சொல்றியான்னு கேட்டா. கடைசி வரைக்கும் அவ என்னை நம்பல."

தந்தி என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியும்ல? ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கும்போது ஒரு நாளாவது என் மொகத்தப் பார்த்திருக்கியா?"

ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் வாய் கொடுப்பேன், என்னை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. அன்றைக்கு அவள் மடித்து அடுக்கிய துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கடைசி அத்தியாயத்தை எடுத்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நீக்கிவிடுகிறேன் என்றாள். தந்தி தலையை ஆட்டினாள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான், நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம்.

பதிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். முடிவே இல்லாமல் ஒரு குழந்தைகள் புத்தகமா என்று கேட்டார். முடிவு என் கையில் இல்லை என்று அக்கா சொன்னாள். அவள் பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார். திருடி ஒப்புக்கொள்வதோடு புத்தகம் முடிந்தது. அச்சுக்குப் போகும் முன் அக்கா அதை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எத்தனை முறை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிழைகூட இல்லை.

புத்தகம் வந்த இரண்டாவது மாதம் எங்கள் பழைய பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வருடப் போட்டி அங்கேதான், தொடங்கும் முன் ஆசிரியர் வந்து பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று. பதிப்பாளருக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் இது உண்மைக் கதையா என்று கேட்பார்கள், எல்லாம் கற்பனை என்று சொல்லிவிடுங்கள் மேடம், பள்ளிக்கும் கெட்ட பெயர் வரக் கூடாது பாருங்கள் என்று அக்காவிடம் பாடமாகச் சொல்லி அனுப்பினார். சரி என்று அக்கா சொன்னாள். மறுபடியும் மறைக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஜாதி எங்கள் குடும்பம்.

மண்டபத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், நாற்காலிகள் மாறியிருந்தன. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் போட்டிப் பிள்ளைகள், கீழே பெற்றோர், ஆசிரியர்கள். அக்கா மைக்கைப் பிடித்து ஒரு பக்கம் வாசித்தாள். தும்முகிற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேள்விகள். ஏழாவது நாற்காலியில் இருந்த ஒரு பெண், பத்து வயதுகூட இருக்காது, எழுந்து கையைத் தூக்கினாள். பதிப்பாளர் சொன்ன அதே கேள்வி. இது நிஜமாக நடந்ததா?

அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தது. இந்த மேடைலதான் நடந்தது. தாளை எடுத்தது நான். பழி வந்தது என் சிநேகிதி மேல. அவ எதுவும் பண்ணல." பிறகு தந்தியின் முழுப் பெயரையும், அவள் அம்மாவின் பெயரையும், தெருவையும், வருடத்தையும் சொன்னாள். ஒன்றும் விடவில்லை.

தலைமையாசிரியர் எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அந்தச் சின்னப் பெண்தான் விடவில்லை. அப்போ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, பயம் மட்டும் இல்லை, அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசையும் இருந்தது என்றாள். பெண் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டோம்.

அன்று சாயங்காலம் நான் மட்டும் தந்தியின் வீட்டுக்குப் போனேன். அக்கா அனுப்பவில்லை, நானாகப் போனேன். அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை முடித்து மடித்து வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"இருநூறு பேர் இருப்பாங்கக்கா."

"அன்னிக்கும் அவ்வளவு பேர்தான் இருந்தாங்க" என்றாள். "எங்கம்மா ஒருத்திதான் இன்னிக்கு இல்ல."

அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவள் முதுகைத் தொடலாமா என்று நினைத்தேன், தொடவில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது. அவள் திரும்பாமலே, "ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்லு" என்றாள். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன், அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தனியாக நடந்து போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வெயில் இறங்கிய பிறகுதான் வந்தாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். அங்கேயே சாப்பிட்டேன் என்றாள்.